பத்து வெற்றி, பத்துத் தோல்வி

பிட்ஸ்பர்க், நவம்பர் 2025

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் உரிமையாளர் பாப் நட்டிங், தலைவர் டிராவிஸ் வில்லியம்ஸ், பொது மேலாளர் பென் செரிங்டன், இவர்களோடு வீரர் தேர்வு மேசையைச் சுற்றி உட்காரும் அனைவருக்கும்,



பால் ஸ்கீன்ஸுக்கு இந்த மாதம் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது கிடைத்திருக்கிறது. வாக்களித்த முப்பது எழுத்தாளர்களும் முதலிடத்தில் அவர் பெயரைத்தான் எழுதினார்கள். உங்கள் சட்டையைப் போட்ட ஒருவர் இந்த விருதை வாங்கி 35 வருடம் ஆகிறது. 1990இல் டக் டிராபெக் வாங்கியதோடு சரி. ஸ்கீன்ஸுக்கு வயது 23. இந்த சீசனில் 216 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார். ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் விட்டுக்கொடுத்தது 1.97 ரன், முப்பது அணிகளிலும் தொடக்க பிட்சர்களில் அவரைவிடக் குறைவாகக் கொடுத்தவர் யாரும் இல்லை. இவ்வளவும் செய்தவருடைய வெற்றி தோல்விக் கணக்கு: பத்து வெற்றி, பத்துத் தோல்வி.

பேஸ்பாலில் அணியின் வெற்றியும் தோல்வியும் ஏதாவது ஒரு பிட்சரின் பெயரில்தான் எழுதப்படும். அவர் எதிரணியை எவ்வளவு கட்டிப்போட்டாலும், மட்டை பிடிக்கும் ஒன்பது பேர் ரன் எடுக்காவிட்டால் தோல்வி அவர் தலையில் விழும். உங்கள் ஒன்பது பேர் இந்த வருடம் 162 ஆட்டங்களில் எடுத்தது 583 ரன். அடித்தது 117 ஹோம் ரன். இரண்டிலும் முப்பது அணிகளில் கடைசி. அணி 71 ஆட்டங்களில் வென்று 91இல் தோற்றது. நாட்டின் தலைசிறந்த பிட்சரை வைத்துக்கொண்டு நீங்கள் சாதித்தது இது.

இதை ஏன் தமிழில் எழுதுகிறான் என்று கேட்பீர்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்களின் கடிதங்களை நீங்கள் படித்ததற்கு எந்த அறிகுறியும் இல்லை. ஏப்ரலில் உள்ளூர் முதல் ஆட்டத்தன்று, அணியை விற்றுவிடச் சொல்லும் பதாகையைக் கட்டிக்கொண்டு ஒரு விமானம் மைதானத்துக்கு மேலே சுற்றியது. கீழே கூட்டமும் அதையே கோஷமாகப் போட்டது. வானத்தில் எழுதியே உங்களுக்கு எட்டவில்லை என்றால், நான் எந்த மொழியில் எழுதினால் என்ன? தமிழில் எழுதினால் எனக்காவது கோபம் சரியாக வரும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறேன். உங்களிடம் பணம் குறைவு என்பது என் புகார் அல்ல. பிட்ஸ்பர்க் நகர எல்லைக்குள் வசிப்பவர்கள் மூன்று லட்சம் பேர்தான். நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் உள்ளூர்த் தொலைக்காட்சி உரிமை ஒன்றே பெரும் புதையல். இங்கே அது சில்லறை. ஐபிஎல் பார்க்கும் நம்மவர்களுக்கு இந்த ஏற்றத்தாழ்வு புரிவது சிரமம். 2025க்கான ஏலத்தில் பத்து அணிகளுக்கும் ஒரே 120 கோடி ரூபாய். சென்னையானாலும் பஞ்சாபானாலும் அதற்குள்தான் பேரம். மேஜர் லீக் பேஸ்பாலில் அப்படி உச்சவரம்பே கிடையாது. ஒரு எல்லை உண்டு. இந்த வருடம் அது 24.1 கோடி டாலர். அதைத் தாண்டினால் வரி கட்ட வேண்டும், கட்டிவிட்டு மேலே போகலாம். டாட்ஜர்ஸ் முப்பது கோடி டாலரைத் தாண்டிப் போய்க் கோப்பையை வென்றார்கள். நீங்கள் பத்துக் கோடிக்குள் நின்றீர்கள். இதே ஊரில் கால்பந்து ஆடும் ஸ்டீலர்ஸுக்கும் ஐஸ் ஹாக்கி ஆடும் பெங்குவின்ஸுக்கும் அவரவர் லீகில் சம்பள உச்சவரம்பு இருக்கிறது. அவர்களிடம் முறையே ஆறு, ஐந்து சாம்பியன் கோப்பைகள் இருக்கின்றன. உங்களிடமும் ஐந்து இருக்கின்றன. கடைசியாக வந்தது 1979இல்.

ஆகவே, நட்சத்திரங்களைக் கடைசிவரை கட்டிவைத்துக்கொள்ள உங்களால் முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். 1992 சீசன் முடிந்து பாரி பாண்ட்ஸ் ஆறு வருடத்துக்கு 4.375 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போன குளிர்காலத்திலேயே இந்த ஊர் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டது. அதன்பின் இருபது வருடம், 1993 முதல் 2012 வரை, ஒரு சீசனில்கூட தோல்வியைவிட வெற்றி அதிகமாக இல்லை. அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் எந்த அணியும் அத்தனை வருடம் தொடர்ந்து தோற்றதில்லை. அதையும் பொறுத்துக்கொண்ட ஊர் இது. எங்களிடம் போய் வறுமையைப் பற்றி வகுப்பெடுக்காதீர்கள்.

என் புகார் அந்த நாற்பது பெயர்களைப் பற்றியது.

ஒவ்வொரு அணிக்கும் நாற்பது பேர் கொண்ட பட்டியல் ஒன்று உண்டு. அதிலிருந்து 26 பேர் ஆடும் அணியில் இருப்பார்கள். மற்றவர்கள் மைனர் லீகில் கூப்பிடும் தூரத்தில் காத்திருப்பார்கள். நிரம்பிய பட்டியலில் ஒருவரைச் சேர்க்க இன்னொருவரை நீக்க வேண்டும். நீக்கப்பட்டவரை வேறு அணி கொத்திக்கொண்டு போகலாம். மைனர் லீகில் சில வருடம் கழித்த இளைஞரை அந்த நாற்பதுக்குள் சேர்க்காமல் விட்டால், டிசம்பரில் நடக்கும் ‘ரூல் 5’ டிராஃப்டில் யார் வேண்டுமானாலும் அவரைத் தூக்கிக்கொள்ளலாம். மேஜர் லீகில் ஒருவர் ஆறு வருடம் முடித்துவிட்டால் விடுதலை. பிடித்த அணிக்குப் போகலாம். அந்த ஆறு வருடத்தில், அதிலும் முதல் மூன்றில், அவருக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். சை யங் வாங்கிய ஸ்கீன்ஸின் இந்த வருடச் சம்பளம், போனஸ் நீங்கலாக, 8.75 லட்சம் டாலர். பணக்கார அணி தவறான ஆளைத் தேர்ந்தெடுத்தால் காசைக் கொட்டி அதை மறைத்துவிடும். உங்களுக்கு அந்த வசதி இல்லை. எனவே யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது, யாரை எப்போது மாற்றுவது என்பதில் நீங்கள் மற்றவர்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருந்தே ஆக வேண்டும். இதற்குச் சந்தை சிறியதா பெரியதா என்ற கேள்வியே எழாது.

இந்த வித்தையை ஒரு காலத்தில் உங்கள் அணிதான் ஊருக்கே காட்டியது. 1954இல் பைரேட்ஸ் மூன்றாவது வருடமாகக் கடைசி இடம். பிராஞ்ச் ரிக்கி பொது மேலாளர். அவர் கிளைட் சுக்ஃபோர்த் என்பவரை ரிச்மண்டுக்கு அனுப்பினார். டாட்ஜர்ஸின் மைனர் லீக் அணியான மான்ட்ரியல் அங்கே ஆட வந்திருந்தது. ஜோ பிளாக் என்ற பிட்சரைப் பார்த்து வா என்பதுதான் வேலை. போனவர், ஆட்டத்துக்கு முன்பு வெளிக்களத்திலிருந்து ஒரு புவேர்ட்டோ ரிக்கோ இளைஞன் பந்தை எறிந்த விதத்தைப் பார்த்தார். பிளாக்கை விட்டுவிட்டார். மற்ற அணிகளின் கண்ணில் படக்கூடாதென்றே அந்த இளைஞனை டாட்ஜர்ஸ் அதிகம் ஆடவிடாமல் உட்காரவைத்திருந்தார்கள் என்று சொல்வதுண்டு. நவம்பரில் டிராஃப்ட். கடைசி இடத்தில் இருந்த அணிக்கு முதல் தேர்வு. நாலாயிரம் டாலர் கொடுத்து ராபர்ட்டோ கிளமென்டேயைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அதன்பின் நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சரியாக 3000 ஹிட். இரண்டு வேர்ல்ட் சீரீஸ். தடுப்பாட்டத்துக்குப் பன்னிரண்டு கோல்ட் குளோவ் விருது. 1972 டிசம்பர் 31 அன்று நிகரகுவா நிலநடுக்கத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கு நிவாரணப் பொருள் ஏற்றிச் சென்ற விமானம் கடலில் விழுந்து அவர் இறந்தார். அதற்கு முந்தைய வருடம், 1971 செப்டம்பர் 1 அன்று, மேனேஜர் டேனி மர்டா எழுதிய ஆட்டப் பட்டியலில் ஒன்பது பேரும் கறுப்பினத்தவர் அல்லது லத்தீன் அமெரிக்கர். மேஜர் லீக் வரலாற்றில் அதுவே முதல் முறை. அந்த வருடம் கோப்பை பிட்ஸ்பர்க்குக்கு வந்தது. ஒரு பட்டியலை எழுதுவதில் அவ்வளவு இருக்கிறது.

உங்கள் மைதானத்தின் வலது பக்கச் சுவர் 21 அடி உயரம். அவர் சட்டை எண் 21 என்பதால் அந்த உயரம். இந்த ஏப்ரலில் அந்தச் சுவரில் இருந்த அவருடைய 21 சின்னத்தை எடுத்துவிட்டு ஒரு மதுபான விளம்பரத்தை மாட்டினீர்கள். ஊர் கொதித்த பிறகு மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வைத்தீர்கள். சரி, வைத்துவிட்டீர்கள், அதை விடுவோம்.

கிளமென்டேயைக் கொண்டுவந்த அதே ரூல் 5 டிராஃப்டில், 2003 டிசம்பரில், இந்த அணி ஒரே நாளில் ஐந்து இளைஞர்களைப் பறிகொடுத்தது. அவர்களை நாற்பதுக்குள் சேர்த்துக் காப்பாற்றவில்லை. அதில் ஒருவர் ஹோசே பவுட்டிஸ்டா. அவர் 2004இல் பால்ட்டிமோர், டாம்பா பே, கான்சஸ் சிட்டி, நியூயார்க் மெட்ஸ் என்று கைமாறிக் கைமாறிக் கடைசியில் பிட்ஸ்பர்க்குக்கே திரும்பி வந்தார். போனது திரும்பி வருவது அபூர்வம். வந்ததை 2008 ஆகஸ்டில் டொரான்டோவுக்கு மறுபடி கொடுத்தீர்கள், ராபின்சன் டியாஸ் என்ற கேட்சருக்கு ஈடாக. 2010இல் பவுட்டிஸ்டா 54 ஹோம் ரன் அடித்தார். மேஜர் லீகில் அந்த வருடம் வேறு யாரும் அவர் பக்கத்தில் இல்லை. ஒரே ஆளை இருமுறை தொலைப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும்.

அதெல்லாம் எங்கள் காலத்துக்கு முந்தையது என்று செரிங்டன் சொல்லலாம், நியாயம். நட்டிங் அப்படிச் சொல்ல முடியாது. 2007 ஜனவரி முதல் அணியின் முதன்மை உரிமையாளர் அவர்தான். பவுட்டிஸ்டா இரண்டாம் முறை போனதும், நான் அடுத்துச் சொல்லப்போகும் குளிர்காலமும் அவர் கணக்கில்தான் வரும். என்னை இன்றும் தூங்கவிடாதது அந்தக் குளிர்காலம்தான். இருபது வருட அவமானத்தைவிட அது மோசமானது.

2015இல் பைரேட்ஸ் 98 ஆட்டங்களில் வென்றது. மேஜர் லீக் முழுவதிலும் அதைவிட அதிகம் வென்றது செயின்ட் லூயிஸ் மட்டும்தான்; அதுவும் இரண்டே ஆட்டம் கூடுதல். ஆனால் செயின்ட் லூயிஸ் நம் பிரிவிலேயே இருந்ததால் 98 வென்ற அணி ஒற்றை ஆட்ட வைல்ட் கார்டுக்குத் தள்ளப்பட்டு, சிகாகோவின் ஜேக் அரியெட்டாவிடம் சிக்கி வெளியேறியது. அதிர்ஷ்டக்கேடு. எந்த அணிக்கும் நடக்கும். அதை வைத்து யாரையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அப்போது கையில் இருந்ததைப் பாருங்கள். 2013இல் மிக மதிப்புமிக்க வீரர் விருது வாங்கிய ஆண்ட்ரூ மக்கட்சன் உச்சத்தில் இருந்தார். புது இளைஞர்களுக்கான 2011 டிராஃப்டின் முதல் தேர்வான பிட்சர் கெரிட் கோல் 25 வயதில் மலர்ந்துகொண்டிருந்தார். மைதானம் நிரம்பி வழிந்தது. இரண்டு வருடம் முன்பு, 2013 அக்டோபர் 1 அன்று, சின்சினாட்டி பிட்சர் ஜானி குவெட்டோவின் பெயரைக் கூட்டம் இழுத்து இழுத்துக் கத்தியதில் அவர் கையிலிருந்து பந்து நழுவியதும், அடுத்த பந்தை ரசல் மார்ட்டின் ஹோம் ரன் அடித்ததும் ஊரின் நினைவில் சூடு ஆறாமல் இருந்தது. வெறும் இரண்டு மூன்று நல்ல முடிவுகள் போதும் என்ற நிலை.

நீங்கள் என்ன செய்தீர்கள்? ஜூலையில் வந்து ஏழு வெற்றி, இரண்டு தோல்வி என்று அசத்திய பிட்சர் ஜே.ஏ. ஹாப்பைப் போகவிட்டீர்கள். டொரான்டோ மூன்று வருடத்துக்கு 3.6 கோடி டாலர் கொடுத்தது. அடுத்த சீசனில் அவர் இருபது ஆட்டங்கள் வென்றார். சார்லி மார்ட்டனை, அவருடைய சம்பளச் சுமையை இறக்கிவைக்க, ஒரு மைனர் லீக் பிட்சருக்கு ஈடாக பிலடெல்பியாவுக்குத் தள்ளினீர்கள். 2017 வேர்ல்ட் சீரீஸின் ஏழாவது ஆட்டத்தில் கடைசி நான்கு இன்னிங்ஸ் வீசி ஹூஸ்டனுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர் அதே மார்ட்டன். இந்த ஊரில் பிறந்து, இங்கேயே பள்ளியில் ஆடி, இந்த அணியே 2004இல் முதல் சுற்றில் தேர்ந்தெடுத்த நீல் வாக்கரை மெட்ஸுக்குக் கொடுத்து ஜான் நீஸை வாங்கினீர்கள். வாக்கர் அங்கே 23 ஹோம் ரன் அடித்தார். நீஸ் இங்கே அடி வாங்கினார்; ஆகஸ்ட் பிறந்ததுமே அவரை மெட்ஸுக்கே திருப்பி அனுப்பிவிட்டீர்கள். 98 வெற்றி 78 ஆனது.

கதவு திறந்திருந்த ஒரே குளிர்காலம் அது. அப்போதும் நீங்கள் சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். இரண்டு வருடம் கழித்து, 2018 ஜனவரியில், கோலும் மக்கட்சனும் இரண்டு நாள் இடைவெளியில் விற்கப்பட்டார்கள். மக்கட்சனுக்கு ஈடாக வந்த பிரையன் ரெனால்ட்ஸ் நல்ல ஆட்டக்காரர், மறுக்கவில்லை. கோலுக்கு ஈடாக வந்தது நான்கு பேர். அவர்களில் இன்று யாரும் உங்களிடம் இல்லை.

அதே 2018 ஜூலை 31. இதைப் பற்றி எழுதி எழுதி இந்த ஊரில் பலருக்கு விரல் தேய்ந்துவிட்டது, ஆனாலும் விட முடியவில்லை. கிரிஸ் ஆர்ச்சர் என்ற ஒரு பிட்சருக்காக டைலர் கிளாஸ்நோ, ஆஸ்டின் மெடோஸ் இருவரையும் கொடுத்தீர்கள். போதாதென்று, முந்தைய வருடம் முதல் சுற்றில் எடுத்த ஷேன் பாஸையும் பின்னால் சேர்த்து அனுப்பினீர்கள். வாங்கியது யார்? டாம்பா பே. நியூயார்க் அல்ல, பாஸ்டன் அல்ல. உங்களைப் போலவே பணமில்லாத அணி. மெடோஸ் 2019இல் 33 ஹோம் ரன் அடித்தார். கிளாஸ்நோ 2020 வேர்ல்ட் சீரீஸின் முதல் ஆட்டத்தில் பந்து வீசினார். ஆர்ச்சர் இங்கே இரண்டு சீசனில் ஆறு ஆட்டங்கள் வென்று, மூன்றாவதைக் காயத்தில் கழித்துவிட்டுப் போனார். ஏழை ஏழையை ஏமாற்றிய கதை என்றுகூடச் சொல்ல முடியாது. உங்களிடம் என்ன இருக்கிறது என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

டாம்பா பே தூரம் என்றால் மில்வாக்கியைப் பாருங்கள். நம் பிரிவிலேயே இருக்கிறார்கள். மேஜர் லீகிலேயே மிகச் சிறிய தொலைக்காட்சிச் சந்தை அவர்களுடையது. இந்த வருடம் 97 வெற்றி. முப்பது அணிகளில் அதுவே அதிகம். அவர்களும் விற்கிறார்கள், உங்களைவிட அதிகமாகவே விற்கிறார்கள். சை யங் வாங்கிய கார்பின் பர்ன்ஸை விற்றார்கள். ஆட்டத்தை முடித்துக்கொடுக்கும் ஜாஷ் ஹேடரை விற்றார்கள். ஹேடருக்கு ஈடாக வந்த எஸ்தெயூரி ரூயிஸைச் சில மாதத்தில் மறுபடி கைமாற்றி வில்லியம் கன்ட்ரெராஸ் என்ற கேட்சரை வாங்கினார்கள். அவர் ஆல் ஸ்டார் ஆகி அவர்கள் பட்டியலின் நடுத்தூணாக நிற்கிறார். டெவின் வில்லியம்ஸை நியூயார்க்குக்குக் கொடுத்து கேலப் டர்பினைக் கொண்டுவந்தார்கள். இந்த வருடம் மூன்றாவது பேஸை அவரே பார்த்துக்கொண்டார். விற்கும் ஒவ்வொருவருக்கும் உடனே ஆடக்கூடிய ஒருவரைக் கேட்டு வாங்குவது அவர்கள் பழக்கம். நீங்கள் கேட்டு வாங்குவது பத்தொன்பது வயதுப் பையன்களை, எப்போதும் நான்கு வருடம் கழித்து வரப்போகும் ஒரு நல்ல காலத்துக்காக. 2023 ஜூலையில் கார்லோஸ் சந்தானாவை நீங்கள் விற்றதுகூட அவர்களுக்குத்தான். அந்த வருடப் பிரிவுப் பட்டத்தை அவர்கள் வென்றார்கள்.

செரிங்டன் வந்து ஆறு சீசன் முடிந்துவிட்டது. கோவிட் வருடத்தில் 19 வெற்றி. பிறகு 61, 62, 76, 76, 71. முதல் மூன்று வருடத்தை விட்டுவிடலாம், அணியைப் பிரித்துக் கட்டும்போது அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டோம். பிட்சர்களை வளர்ப்பதில் அவர் குழு கெட்டிதான். ஸ்கீன்ஸ் மட்டுமல்ல; மிட்ச் கெல்லர், பபா சாண்ட்லர், பிராக்ஸ்டன் ஆஷ்கிராஃப்ட், காயத்திலிருந்து மீளும் ஜாரெட் ஜோன்ஸ் என்று வரிசையாக ஆள் இருக்கிறார்கள். மட்டை பிடிப்பவர்கள் விஷயத்தில்தான் கை நடுங்குகிறது. ஓனில் குரூஸ் இந்த மே மாதம் மணிக்கு 122.9 மைல் வேகத்தில் ஒரு பந்தை அடித்தார்; கருவி வைத்து அளக்கத் தொடங்கியதிலிருந்து அதைவிட வேகமாக எவரும் அடித்ததில்லை. அதே குரூஸின் சீசன் பேட்டிங் சராசரி .200. 2021 டிராஃப்டின் முதல் தேர்வான கேட்சர் ஹென்றி டேவிஸை வலது வெளிக்களத்தில் நிறுத்திப் பார்த்தீர்கள், மறுபடி கேட்சராக்கினீர்கள், மட்டை எழவில்லை. 2024இல் பிளே ஆஃப் வாசலில் நின்றபோது ஜூலை முடிவில் பிரையன் டி லா குரூஸை வாங்கினீர்கள். ஆகஸ்டில் தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்றோம். நவம்பரில் அவருக்கு ஒப்பந்தம் தராமல் அனுப்பிவிட்டீர்கள்.

மற்ற ஓட்டைகளை ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்தவர்களைக் கொண்டு அடைக்கிறீர்கள். விடுதலை பெற்ற ஃப்ரீ ஏஜென்ட் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வருடம் கொடுத்து நீங்கள் கடைசியாகக் கையெழுத்து வாங்கியது 2016 டிசம்பரில், இவான் நோவாவிடமும் டேனியல் ஹட்சனிடமும். அதற்குப் பிறகு ஒன்பது குளிர்காலம் வந்தாயிற்று. ஒரு வருடத்துக்கு வருபவர் ஜூலையில் விலைபோவார், இல்லையென்றால் அக்டோபரில் பெட்டி கட்டுவார். ரவுடி டெல்லஸ் அதுவரைகூட இருக்கவில்லை. 2024 சீசனில் ஆறு ஆட்டம் மிச்சமிருக்கும்போது அவரை விடுவித்தீர்கள். இன்னும் நான்கே முறை மட்டை பிடித்திருந்தால் அவருக்கு இரண்டு லட்சம் டாலர் போனஸ் கிடைத்திருக்கும். முடிவுக்கும் போனஸுக்கும் சம்பந்தமில்லை என்று செரிங்டன் சொன்னார். இருக்கலாம். ஆனால் அடுத்த குளிர்காலத்தில் நல்ல மட்டையாளர் ஒருவரின் ஏஜென்ட் பிட்ஸ்பர்க்கிலிருந்து தொலைபேசி வரும்போது எதை நினைத்துக்கொள்வார் என்று யோசித்தீர்களா?

நீண்ட ஒப்பந்தம் நீங்களும் போட்டிருக்கிறீர்கள் என்பீர்கள். ரெனால்ட்ஸுக்கு எட்டு வருடம் 10.675 கோடி டாலர்; அதுதான் அணியின் உச்சம். அதற்கு முன் கிபிரையன் ஹேய்ஸுக்கு எட்டு வருடம் ஏழு கோடி. தடுப்பாட்டத்தில் கோல்ட் குளோவ் வாங்கியவர், மட்டைதான் முதுகுவலியோடு சேர்ந்து படுத்துவிட்டது. நான்காவது வருடத்திலேயே, இந்த ஜூலையில், அவரைச் சின்சினாட்டிக்குக் கொடுத்துவிட்டீர்கள். மறுநாள், இந்த ஊருக்குப் பக்கத்திலேயே வளர்ந்த டேவிட் பெட்னரை யாங்கீஸுக்குக் கொடுத்தீர்கள். ஹேய்ஸ் ஒப்பந்தத்தை இறக்கிவைத்ததில் சேமித்தது மட்டையாளருக்குப் போகும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே? லீகில் ஒவ்வொரு அணியும் உள்ளூர் வருமானத்தில் 48 சதவீதத்தைப் பொதுவில் போட்டுச் சமமாகப் பிரித்துக்கொள்கிறது. அதில் போட்டதைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும் அணி நீங்கள். அப்படி வரும் பணம் ஆட்டத்தை மேம்படுத்தத்தான் செலவாக வேண்டும் என்பது விதி. 2018 பிப்ரவரியில் வீரர்கள் சங்கம் இதைக் கேட்டு நான்கு அணிகள் மீது முறையிட்டது. அந்த நான்கில் உங்கள் பெயரும் இருந்தது.

அடுத்த வருடம் டிசம்பர் 1ஆம் தேதி அணிகளுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான தொழிலாளர் ஒப்பந்தம் முடிகிறது. சம்பள உச்சவரம்பு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்த ஊரில் பலர் நம்புகிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. உச்சவரம்பு டாட்ஜர்ஸின் கையைக் கட்டும். மார்ட்டனைச் சும்மா தூக்கிக் கொடுக்கும் கையை எது கட்டும்?

ஒரு காலத்தில் உங்களுக்கும் விளையாட்டுத்தனமான துணிச்சல் இருந்தது. 2008 நவம்பரில், பேஸ்பாலைக் கையில் தொட்டே அதிக நாள் ஆகாத இரண்டு இந்திய இளைஞர்களுடன், ரிங்கு சிங், தினேஷ் பட்டேல், ஒப்பந்தம் போட்ட அணி நீங்கள்தான். ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்துப் பையன்கள். மேஜர் லீக் வரை வரவில்லை. அவர்கள் கதை படமாக வந்தது, அதற்கு ரஹ்மான் இசையமைத்தார். என்னைப் போன்றவர்கள் அந்தச் செய்தியால்தான் இந்த அணியின் பக்கம் திரும்பிப் பார்த்தோம். அப்போது தெரியாது, எதில் கால் வைக்கிறோம் என்று.

இப்போது கணக்குக்கு வருகிறேன். 2024இல் ஸ்கீன்ஸை மே 11 வரை உங்கள் மைனர் லீக் அணியான இண்டியானாபொலிஸில் வைத்திருந்தீர்கள். அவர் தோள் மெல்ல மெல்லத் தயாராக வேண்டும் என்றீர்கள். தாமதமாக வந்ததால் அவருடைய விடுதலை ஒரு வருடம் தள்ளிப்போயிருக்க வேண்டும். அவர் வருடத்தின் சிறந்த புதுமுகம் விருதை வென்றுவிட்டார். விதிப்படி அவருக்கு முழு வருடமும் கணக்கில் சேர்ந்துவிட்டது. ஆகவே 2029 சீசன் முடிந்ததும் அவர் போவார். நான்கு சீசன் மிச்சம். அவர் போவாரா என்று நான் கேட்கவில்லை, போவார். அந்த நான்கு வருடத்தில் அவருக்குப் பின்னால் யாரை நிறுத்தப் போகிறீர்கள் என்றுதான் கேட்கிறேன். இரண்டு வருடம் காத்திருந்துவிட்டு, விலை நன்றாக இருக்கும்போதே விற்றுவிடலாம் என்று அந்த மேசையில் யாராவது முணுமுணுத்தால், அவருக்குக் கோல் டிரேடின் தாளைப் பிரதி எடுத்துக் கொடுங்கள்.

உங்களிடம் பிட்சர்கள் மிகுதி, மட்டையாளர்கள் பஞ்சம். மில்வாக்கி இந்த நிலையில் என்ன செய்யும் என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. ஸ்கீன்ஸையும் சாண்ட்லரையும் தவிர்த்து இன்னொரு பிட்சரைக் கொடுங்கள். நாளைக்கே ஆடக்கூடிய, இருபத்தைந்து ஹோம் ரன் அடித்துக் காட்டிய ஒருவரைக் கேட்டு வாங்குங்கள். இன்னொருவரைக் காசு கொடுத்து, இரண்டோ மூன்றோ வருடத்துக்கு வாங்குங்கள். ஒப்பந்தம் கசந்தால் கசக்கட்டும். மூன்று வருடக் கசப்பை இந்த ஊர் தாங்கும், இருபது வருடத்தைத் தாங்கியிருக்கிறது. உங்கள் இளம் மட்டையாளர் கானர் கிரிஃபின் பத்தொன்பது வயதில் மைனர் லீகையே கலக்கிக்கொண்டிருக்கிறார். அவர் தயார் என்று உங்கள் பயிற்சியாளர்கள் சொன்னால் காலண்டரைப் பார்க்காமல் கூப்பிடுங்கள். ஸ்கீன்ஸ் விஷயத்தில் காலண்டர் உங்களுக்கு எதையும் மிச்சப்படுத்திக் கொடுக்கவில்லை.

மைதானம் அழகாக இருக்கிறது, தெரியும். அலெகெனி ஆறும் மஞ்சள் பாலமும் அதற்கப்பால் நகரக் கட்டடங்களும் தெரியும் அந்த இருக்கைகளுக்காகவே வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள். வாணவேடிக்கை இரவுகளும் தலையாட்டி பொம்மைகளும் நன்றாகவே ஓடுகின்றன. ஜூலை முடிந்த பிறகு அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பலர் ஸ்கோர்போர்டைப் பார்ப்பதில்லை. அதை நீங்கள் திருப்தி என்று எடுத்துக்கொண்டால் தப்பு.

டிசம்பரில் குளிர்காலக் கூட்டத்துக்கு ஆர்லாண்டோ போகிறீர்கள். முப்பது அணிகளின் பொது மேலாளர்களும் ஒரே ஹோட்டலில் இருப்பார்கள். திரும்பி வந்ததும் செய்தியாளர்கள் கேட்பார்கள், பல அணிகளோடு ஆரோக்கியமான உரையாடல் நடந்தது என்பீர்கள். இந்த முறை உரையாடல் வேண்டாம். ஹேய்ஸ் போன ஜூலையிலிருந்து மூன்றாவது பேஸ் காலியாக இருக்கிறது. அங்கே யார் ஆடப் போகிறார், எத்தனை வருடத்துக்கு?

இப்படிக்கு,
எப்படியும் ஏப்ரலில் வந்து உட்காரப்போகிற ஒரு ரசிகன்